எவடம்?

டென்மார்க்கில் நவம்பர் 10ஆம் திகதி இரவு வாத்திறைச்சி சாப்பிடும் இரவு. மோர்டன் மாலை என்பார்கள். உணவகங்களில் வேலை செய்யும் எமக்கு அன்று மூச்சுவிட நேரமிராது. அடுப்பில் வாட்டிய வாத்து, இனிப்பும் புளிப்புமாகச் சமைத்த சிவப்புக் கோவா, கூடவே ஒரு போத்தல் சிவப்பு வைன். அந்தப் போத்தலைத் திறக்குமுன் விருந்தாளி கேட்கும் முதற் கேள்வி: இது எவடத்து வைன்?

பதில் சொல்ல நாமும் படித்துக்கொண்டோம். பிரான்சின் தெற்கே, அவிஞ்ஞோன் நகருக்கு அண்மையில், ஷத்தோநெஃப்-டு-பாப் என்றொரு கிராமம். 14ஆம் நூற்றாண்டில் பாப்பரசர்கள் அவிஞ்ஞோனில் இருந்தபோது அங்கு எழுந்த கோட்டையால் வந்த பெயர். உருண்டைக் கற்கள் பரவிய நிலம். பகல் வெயிலை வாங்கிவைத்து இரவில் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் கற்கள். அங்கு பெரும்பாலும் கலவை வைன்தான். கிறெனாஷ் பழம் இனிப்பையும் மதுசாரத்தையும் தரும். சிறா நிறத்தையும் மிளகு வாசத்தையும் தரும். மூர்வெத்ர் துவர்ப்பையும் உறுதியையும் தரும். கொழுப்புள்ள வாத்துக்கும் ஆட்டிறைச்சிக்கும் பொருத்தமானது. எமது தூள் போட்ட கறிக்கு ஒத்துவராது. மதுசாரம் உறைப்பைக் கூட்டிவிடும்.

இத்தனையும் சொல்லி முடித்த ஓரிரவு, விருந்தாளி ஒருவர் கேட்டார்: "உங்கள் நாட்டில் என்ன குடிப்பீர்கள்?" நாம் "தேநீர்" என்றோம்.

பொய்யில்லை. ஆனால் பனங்கள்ளு ஏன் வாயில் வரவில்லை? காலையும் மாலையும் தளைநாருடன் மரமேறி, பாளை சீவி, முட்டி கட்டி இறக்கும் கள்ளு. நண்டுக் குழம்புக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்குக்கும் அது எப்படிப் பொருந்தும் என்பது எமது ஊரில் யாருக்குத் தெரியாது? பிளாவில் வாங்கிக் குடித்தோம். இறக்கியவனை வாசலில் நிறுத்தினோம். தேநீர்க் கடையில் அவனுக்குத் தகரப் பேணி, எமக்குக் கிளாஸ். 1957இல் இலங்கையில் தீண்டாமைக்கெதிராகச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

அதே 'எவடம்?' எம்மிடமும் உண்டு. சமையலறைக்குப் புதிதாக வரும் பொடியனிடம் பெயருக்கு அடுத்தபடி நாம் கேட்பது, "ஊரில எவடம்?" பதிலில் கிராமம் வந்தால் போதாது. குறிச்சியும் ஒழுங்கையும் வரவேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்பது எமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வைனுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டுதானே, மண்ணைப் பார்த்துத்தானே விலை வைக்கிறார்கள் என்று சிலர் வாதிடக்கூடும். உண்மைதான். ஆனால் 1936இல் அந்தக் கிராமத்தின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தபோது மண்ணோடு வேலைக்கும் விதி வைத்தார்கள். பழத்தைக் கையால் பறிக்க வேண்டும். மதுசாரம் 12.5 வீதத்துக்குக் குறைந்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. அதாவது அந்த மரியாதையை ஒவ்வொரு வருடமும் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும், இழக்கவும் கூடும். அனுமதிக்கப்பட்ட பழவகைகளோ 13. அவற்றில் கிறெனாஷும் மூர்வெத்ரும் ஸ்பெயினிலும் வேறு பெயர்களில் விளைபவை. அதனால் கிராமத்தின் பெயர் கெட்டுவிடவில்லை.

நாம் சாதியால் கொடுக்கும் மரியாதையை யாரும் சம்பாதித்ததுமில்லை, இழந்ததுமில்லை. எத்தனை ஆயிரம் தரம் மரமேறினாலும் ஏறியவனுக்கு அது கிடைக்கவுமில்லை. ஒரு பொருளைச் சுவைத்துக்கொண்டே அதைச் செய்தவனை இழிவுபடுத்துபவன், அந்தப் பொருளை மதித்ததாகச் சொல்ல முடியுமா? முடியாதென்றே நாம் நினைக்கிறோம். கள்ளை நாம் மறைத்ததற்கு வெள்ளைக்காரன் முன்னான கூச்சம் மட்டுமே காரணமல்ல. அதைப்பற்றிச் சொல்லத் தொடங்கினால் இறக்கியவனைப் பற்றியும் சொல்லவேண்டி வரும்.

அடுத்தமுறை கேட்டால் கள்ளு என்றே சொல்வோம். அவரும் விடமாட்டார், எவடம், யார் இறக்குவது என்று தொடர்ந்து கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முதல், பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும் அந்தப் பொடியனிடம் கேட்பதை நிறுத்த வேண்டும்.