திரும்பி வரும் பார்சலுக்குக் கூலி யார் கொடுப்பது?



போன வாரம் ஜும்ஆ முடிந்ததும் ஒரு வாலிபர் வந்து உட்கார்ந்தார். காதர்பேட்டையில் மொத்தமாக டி-ஷர்ட் எடுத்து வாட்ஸ்அப்பில் விற்பவர். "ஹஜ்ரத், 180 ஜிஎஸ்எம், சுத்த காட்டன் என்று போட்டிருந்தேன். ராமநாதபுரத்தில் வாங்கிய ஒருவர் துணி மெல்லிசாக இருக்கிறது என்கிறார். 300 ரூபாய் சட்டை, திருப்பி அனுப்ப 80 ரூபாய் கூரியர். அதை யார் கொடுப்பது?" என்றார்.

80 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டையில் அவருக்கு நிற்கும் லாபமே அவ்வளவு இல்லை.

குறையைக் கண்டு வியாபாரத்தை முறித்தால், பொருளைத் திருப்பிச் சேர்க்கும் செலவு வாங்கியவர் மீதுதான் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் இருக்கிறது. இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அதே இடத்தில் ஒரு வரம்பும் எழுதியிருக்கிறார்கள். பொருளை எங்கே கைப்பற்றினாரோ, அந்த இடம் வரைக்கும்தான் அவர் பொறுப்பு. சந்தையில் வாங்கி வீட்டுக்குச் சுமந்து போனவர் திரும்பச் சந்தை வரை சுமக்க வேண்டும், நியாயம்தானே! ராமநாதபுரத்துக்காரர் கைப்பற்றிய இடம் எது? அவர் வீட்டு வாசல். கூரியரை ஏற்பாடு செய்தவரும் விற்றவர்தான். ஆகவே வாசலுக்கு அப்பால் உள்ள பாதை விற்றவருடையது என்றே எனக்குப் படுகிறது.

நாட்டின் சட்டமும் அதிக தூரத்தில் இல்லை. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. திருப்பி அனுப்பும் செலவு பற்றியும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. பால் தேங்கட்டும் என்று மடி கட்டி விற்கப்பட்ட ஆட்டைத் திருப்பிக் கொடுப்பவர், கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுக்கட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. (பேரீச்சம்பழ விஷயத்தில் ஹனஃபி அறிஞர்களின் விளக்கம் வேறு.) ஏமாற்றியவனிடமிருந்து கூட இலவசமாகப் பால் குடிக்க அனுமதி இல்லை. பெருநாளுக்குப் போட்டுக்கொண்டு தொழுதுவிட்டு மறுநாள் "சைஸ் சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சொன்னபடியே பொருள் வந்தும் மனம் மாறியவர், கூரியர் செலவைத் தானே கொடுப்பதுதான் முறை.

சரி, துணி மெல்லிசு என்பது உண்மையா? "தம்பி, நீங்கள் எடை பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "இல்லை ஹஜ்ரத், கடையில் சொன்னதைப் போட்டேன்" என்றார். இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பதில்! வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணி வெட்டித் தராசில் வைத்தால் 1.8 கிராம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு சட்டை வீணாகும்.

திங்கட்கிழமை வந்தார். 1.5 கிராம்தான் இருந்ததாம். 80 ரூபாயை அனுப்பிவிட்டேன் என்றார். சந்தோஷம். "அதே சட்டையை இன்னும் எத்தனை பேருக்கு விற்றீர்கள்?" என்றேன். அறுபது பேருக்கு மேல் என்றார். யாரும் புகார் சொல்லவில்லையாம்.

நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அங்கேயும் வாங்கிய யாரும் புகார் சொல்லவில்லை. அவர்களே கையை விட்டுப் பார்த்தார்கள். அந்த அறுபது பேருக்கும் இன்று அஸருக்குள் செய்தி அனுப்புவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.