பன்மைக்கு ஓர் அளவுகோல்

பலவாய் விரிந்து நிற்கும் ஒரு பொருளை ஒரே அளவுகோலால் அளந்துவிட்டு, அதன் பூரணத்தை அறிந்துகொண்டோம் என்று நிச்சயம் கொள்வது தகுமா என்னும் வினா தத்துவ விசாரம் செய்வோருக்கு மட்டும் உரியதன்று. பைத்தான் மொழியில் எண்முறைத் தொகையீடு காண்போர் முன்பும் அது எழுந்து நிற்கிறது.

1983-இல் நூலாகவும் வெளிவந்த குவாட்பேக் என்னும் ஃபோர்ட்ரான் நிரல்தொகுதியை ஆதாரமாகக் கொண்டது, பைத்தானின் அறிவியல் கணிப்பு நூலகமான சைபையின் ‘குவாட்’; அது ஒவ்வொரு புள்ளியிலும் சார்பு தரும் ஒற்றை எண்ணையே ஏற்கும். பல எண்களை ஒருங்கே தரும் சார்புகளுக்கென 2019-இல் வெளியான சைபை 1.4 பதிப்பில் ‘குவாட்_வெக்’ சேர்ந்தது. இது அவ்வெண்களாகிய எல்லாக் கூறுகளுக்கும் பொதுவாக இடைவெளியைப் பகுத்துக்கொண்டே சென்று, அவற்றின் பிழைகளை யூக்ளிடிய நீளம் காணும் முறையால் ஒற்றை எண்ணாகச் சுருக்கி, அவ்வெண் போதிய அளவு சிறிதானதும் திருப்தியுற்று நின்றுவிடுகிறது.

இங்கேதான் அநீதி நுழைகிறது. ஒரு கூறின் தொகை 10 கோடி, மற்றதன் தொகை 1 என்று வைத்துக்கொள்வோம். 10 கோடியில் ஒரு பங்கு என்று இயல்பாக அமைந்த பிழைவரம்பு, மொத்தத்தில் 1 அளவு பிழையைப் பொறுத்துக்கொள்கிறது; சிறிய கூறு முற்றிலும் பொய்த்துப்போயினும் கணிப்பொறி வெற்றி என்றே அறிவிக்கக்கூடும். ஓர் அங்கம் பொய்யாயிருக்க முழுமை மெய்யாகுமா? ஆகாது என்பதே என் துணிபு. நீளத்துக்குப் பதிலாக மிகப்பெரிய கூறையே அளவாகக் கொள்ளும் ‘மேக்ஸ்’ முறைக்கு மாறினாலும் அந்தப் பெருங்கூறின் ஆதிக்கம் நீங்குவதில்லை. ஆதலின் கூறுகளை முன்னரே ஒத்த அளவினவாக வகுத்துக் கொடுத்தோ, சிறியதைத் தனியே தொகையிட்டு ஒப்புநோக்கியோ, கணக்கிடுவோனே அதற்குரிய நியாயத்தை வழங்கவேண்டியிருக்கிறது.