வலையில் ஒன்றுமில்லை என்று எழுதிய கை

வெப்ப மண்டலக் கடலில் மாணவர்கள் பாய்மரக் கப்பலில் போகிறார்கள் என்றால் நீலக் கடல், துள்ளும் மீன், மாலைச் சூரியன் என்றுதான் நம் மனம் ஓடும். அவையும் உண்டு. ஆனால் அந்தக் கப்பலின் ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி திரும்பத் திரும்பச் செய்யும் சின்னச் சின்ன வேலைகள். அமெரிக்காவில் வுட்ஸ் ஹோல் என்னும் கடலோர ஊரைச் சேர்ந்த கடல் கல்விச் சங்கம் 1971-இல் தொடங்கப்பட்டது. கல்லூரி மாணவர்களை அது கரீபியன் கடலுக்கும் பசிபிக்கின் வெப்பப் பகுதிகளுக்கும் அழைத்துச் செல்கிறது. அதன் கப்பல்களில் ஒன்றான ‘கார்வித் கிரேமர்’ 134 அடி நீளமுள்ளது. இரண்டு பாய்மரங்கள் கொண்டது. மாணவர்கள் மூன்று அணிகள். ஒரு நாளுக்கு ஐந்து பணிமுறை, கப்பல் மொழியில் ‘வாட்ச்’. காலை ஏழு முதல் ஒன்று, ஒன்று முதல் இரவு ஏழு, அதன்பின் விடியும்வரை நான்கு நான்கு மணி நேரமாக மூன்று. மூன்று அணிக்கு ஐந்து வாட்சைச் சமமாகப் பங்கிட முடியாது. அதனால்தான் இன்று நள்ளிரவில் நின்ற அணி நாளை அதே நேரத்தில் நிற்பதில்லை. மூன்று நாளுக்குள் நாளின் எல்லா வேளையும் எல்லா அணிக்கும் வந்துவிடுகிறது. சலிப்பூட்டும் இந்தச் சுழற்சிதான் அந்தப் பயணம் தரும் தலையாய கல்வி என்று நான் கருதுகிறேன். இன்று அதைத்தான் உங்கள் முன் வாதிட விரும்புகிறேன்.

வாட்சில் நிற்பவர் என்ன செய்கிறார்? ஒருவர் சுக்கான் பிடிக்கிறார். ஒருவர் முன்னணியத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் மணிக்கொரு தடவை கப்பல் முழுவதும் நடந்து, அடித்தட்டில் நீர் தேங்குகிறதா, எங்காவது புகை வாடை வருகிறதா, கட்டிவைத்த பொருள் ஏதேனும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். காற்றின் திசை, அலையின் உயரம், மேகம், காற்றழுத்தம், கப்பல் இருக்கும் இடம் எல்லாம் பதிவேட்டில் ஏறுகின்றன. உணவும் சிற்றுண்டியுமாக நாளுக்கு ஆறு தடவை பந்தி. அதற்குக் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் மாணவர்களும் சமையலறையில் நிற்கிறார்கள். கீழ்த்தட்டில் வெக்கை, கப்பலோ ஒரு பக்கம் சாய்ந்தபடி போகிறது, குமட்டல் அடங்காதவரும் தன் வேளை வந்தால் எழுந்து வருகிறார். அந்நாட்டில் 1982-இல் இயற்றப்பட்ட பயிற்சிப் பாய்க்கப்பல் சட்டம் இப்படிப்பட்ட மாணவர்களைப் பயணிகள் என்று கொள்வதில்லை. சட்டத்தின் நுணுக்கம் நமக்கு வேண்டாம். ‘நீ இங்கே ஏற்றிச் செல்லப்படுபவன் அல்ல’ என்ற நிலை மட்டும் போதும். அந்த நாளின் ஒவ்வொரு மணியும் அதன்மேல்தான் நிற்கிறது.

இந்த வேலைகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நண்பகலை ஒட்டி ஒரு தடவை, நள்ளிரவை ஒட்டி ஒரு தடவை, கப்பலின் வேகத்தை மணிக்குச் சுமார் 2 கடல் மைலாகக் குறைத்து, ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் உள்ள வாயைக் கொண்ட நுண்வலையைக் கடற்பரப்பில் அரை மணி நேரம் இழுக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு கடல் மைல். வலையில் வந்ததை வடித்து, மிதவை உயிரிகளை ஒருபுறம் எண்ணி, பிளாஸ்டிக் துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து எழுதிவைக்கிறார்கள். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை. 1986 முதல் 2008 வரை, 22 ஆண்டுகள், ஒரு தலைமுறை மாணவர்கள் போக அடுத்த தலைமுறை வந்து, வட அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும் 6,136 தடவை அந்த வலை இறங்கியது. அந்தப் பதிவுகளைத் தொகுத்த ஆய்வு 2010-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட இழுவைகளில் பிளாஸ்டிக் இருந்தது. மிகுதியாகக் குவிந்திருந்தது கரீபியனுக்கு வடக்கே, வட அட்லாண்டிக் நீர்ச்சுழலின் நடுப்பகுதியில்.

இதில் என்னை நிறுத்தி வைப்பது மீதி ஏறக்குறைய நாற்பது விழுக்காடுதான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தடவை யாரோ ஒரு மாணவர் நண்பகலிலோ நள்ளிரவிலோ வலையை இழுத்து, உதறி, விளக்கொளியில் தேடி, ‘பிளாஸ்டிக் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு அது வீண் வேலையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்தச் சுழியங்கள் இல்லாமல் குப்பை குவியும் இடத்தின் எல்லையை வரைய முடியாது. வெற்றிடம் எங்கே என்று தெரிந்தால்தானே குவியல் எங்கே என்று சொல்ல முடியும்? இன்னொன்றும் உண்டு. உலகில் பிளாஸ்டிக் உற்பத்தி பெருகிக்கொண்டே போன அந்த 22 ஆண்டுகளில், மிகுதியாகக் குவிந்த பகுதியில் மிதக்கும் துணுக்குகளின் அடர்த்தி அதற்கேற்பக் கூடியதாகத் தெரியவில்லை. அப்படியானால் மீதி எங்கே போகிறது, மூழ்குகிறதா, இன்னும் பொடிந்து வலைக்கண்ணில் தப்பிவிடுகிறதா என்ற பெரிய கேள்வி அங்கிருந்து எழுந்தது. ஒரு கோடையில் போய் வந்த பெரும் ஆய்வுப் பயணம் எதுவும் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்க முடியாது. ஒரே மாதிரி வலை, ஒரே மாதிரி வேகம், ஒரே மாதிரி எண்ணிக்கை என்று அலுக்காமல் செய்யப்பட்ட அன்றாடம்தான் எழுப்பியது.

இதெல்லாம் செயற்கைக்கோள் இல்லாத காலத்துக்குச் சரி, இன்று எதற்கு இந்தக் கைவேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2011 முதல் கரீபியன் கரைகளில் சர்காசம் என்னும் மிதக்கும் பாசி மலைமலையாக ஒதுங்கத் தொடங்கியது. நம் மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்போர் கட்டக்கோரை என்பார்களே, அதே பேரினம். அது பாறையைப் பற்றி வளர்வது, இது கடலிலேயே மிதந்து பெருகுவது. 2018-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தப் பாசி பட்டையாகக் கிடந்ததைச் செயற்கைக்கோள்தான் காட்டியது. எந்தப் பாய்க்கப்பலும் அதைக் காட்டியிருக்காது. ஆனால் அந்தப் பாசி எந்த வகை என்பதை அத்தனை உயரத்திலிருந்து சொல்ல இயலாது. தண்டில் முள் இருக்கிறதா, இலை அகலமா, காற்றுப்பையின் நுனியில் கூர் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 2014 இறுதியிலும் 2015-லும் கார்வித் கிரேமரில் சென்றவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். கரீபியனில் மிகுந்திருந்தது வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் வழக்கமாகக் காணப்படும் வகைகள் அல்ல, அதுவரை அரிதாகவே பதிவான வேறொரு வடிவம் என்று தெரியவந்தது. வடக்கே சர்காசோ கடலிலிருந்துதான் இது வழிந்து வருகிறது என்ற எளிய விளக்கம் அதனால் ஆட்டம் கண்டது. முன்னைய ஆண்டுகளின் பதிவு கைவசம் இருந்ததால்தான் ‘இது புதியது’ என்று சொல்லவே முடிந்தது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பாத்திரம் கழுவுவதும் தரை தேய்ப்பதும் உழைப்புதான், அதை எப்படிக் கல்வி என்பீர்கள்? உலகில் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் செய்கிறார்களே, அவர்களுக்கு அதனால் என்ன அறிவு கூடியது? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. திரும்பச் செய்யும் வேலை தானாக எதையும் கற்பிப்பதில்லை. ஒருவர் தேய்க்க, இன்னொருவர் தீர்மானிக்க என்று நிரந்தரமாகப் பிரித்துவிட்டால் அது ஒடுக்குமுறை. நம் சமூகத்துக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கப்பலின் ஏற்பாடு வேறு. முதல் வாரங்களில் கயிற்றின் பெயரும் பாயின் பெயரும் கற்றுக்கொண்டவரே, பயணத்தின் கடைசிக் கட்டத்தில், அனுபவம் மிக்க துணைமாலுமியின் கண்பார்வையில், அந்த வாட்சை வழிநடத்துகிறார். எந்தப் பாயைச் சுருக்குவது, எந்தத் திசையில் திருப்புவது, யாரை எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் சொல்ல வேண்டும். அடித்தட்டில் நீர் பார்த்தவர், சமையலறையின் வெக்கையில் நின்றவர் என்பதால், தான் சொல்லும் ஒரு சொல் யார் தூக்கத்தைக் கெடுக்கும், யார் கையில் சூடான குழம்பைக் கொட்டவைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. 1961 மே மாதம் ‘அல்பட்ராஸ்’ என்ற மாணவர் பாய்க்கப்பல் மெக்சிகோ வளைகுடாவில் மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் மாணவர்கள். 2010 பிப்ரவரியில் பிரேசிலுக்கு அப்பால் ‘கான்கார்டியா’ கவிழ்ந்தது. அதில் இருந்த 64 பேரும் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்டார்கள். கான்கார்டியாவைப் பற்றிய கனடிய விசாரணை, நெருங்கி வந்த புயற்காற்றின் அபாயத்தை வாட்சில் இருந்த அதிகாரி உரிய நேரத்தில் உணர்ந்து பாயைக் குறைக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. அன்றாட ஒழுங்கு மனத்தை மழுக்கவும் கூடும் என்பதை இதிலிருந்து நான் ஒப்புக்கொள்கிறேன். அடிவானத்தைப் பார்ப்பது வேறு, பார்த்ததாகக் கையெழுத்திடுவது வேறு. என் வாதம் முதலாவதற்கு மட்டுமே பொருந்தும்.

கடைசியாகப் பணம். இந்தப் பயணங்கள் மலிவானவை அல்ல. உதவித்தொகை இருந்தாலும் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் எட்டாதவை. இந்தக் குறையை மழுப்பிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கப்பலில் விலை கூடியது கப்பல்தான். ஏடும் இடுக்கியும் அல்ல. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள நம் தமிழகக் கடற்கரையில் எத்தனையோ கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, மீனவர் ஒருவரின் படகில் உரிய கூலி கொடுத்து, ஒரே இடத்தில், ஒரே வலையை, ஒரே முறையில் வாரந்தோறும் இழுத்துப் பதிவுசெய்யத் தொடங்கலாம். இருபது ஆண்டு நீளும் ஏடு அப்படித்தான் பிறக்கும். ஆர்வமுள்ள ஆசிரியர் ஓய்வு பெற்றபின்னும், தேர்வு வாரத்திலும், பொங்கல் விடுமுறையிலும் அந்த ஏட்டில் யார் எழுதுவது என்ற முறைப்பட்டியலை முதல் நாளே சுவரில் ஒட்டிவிட வேண்டும். வலையை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.