பிணியா, பழியா?

காய்ச்சல் கண்டால் மருத்துவரைத் தேடுகிறோம்; கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். ஈரலில் கோளாறு என்றால் நாலு பேரிடம் சொல்லி, நல்ல வைத்தியர் யார் என்று விசாரிக்கிறோம். மூளையில் கோளாறு கண்டு ஒருவர் நிலை தடுமாறினால் மட்டும் வாயைப் பொத்திக் கொள்கிறோம். பெண் கொடுக்க மாட்டார்களே, குடும்பத்தின் பெயர் கெடுமே என்று அஞ்சுகிறோம். ஈரலைப் போல மூளையும் இறைவன் படைத்த ஓர் உறுப்புத்தானே? ஒன்றின் நோய் பிணி என்றும், மற்றொன்றின் நோய் பழி என்றும் எந்த நியாயத்தால் பிரித்தோம்?

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுடையது. நினைப்பதும் மறப்பதும், அஞ்சுவதும் அன்பு செலுத்துவதும் அதன் துணையின்றி நடைபெறுவதில்லை. அமெரிக்க நாட்டில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய் தீர வேண்டி 1953-ஆம் ஆண்டு மூளையில் அறுவை செய்தார்கள். கடற்குதிரை வடிவாய் இருபுறமும் உள்ள ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பெரும் பாகத்தை அகற்றிவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்றுமுதல் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த அவரால் இயலவில்லை. தினந்தோறும் பார்த்த முகங்களும் அவருக்குப் புது முகங்களே. 2008-ஆம் ஆண்டு இறக்கும்வரை இதுவே அவர் நிலை. அவர் மறந்தது அலட்சியத்தால் என்று யாரேனும் சொல்வார்களா?

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வயது முதிர்ந்த அத்தா, சாப்பிட்ட பத்தாவது நிமிடத்தில் "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்கிறார். பணத்தை மருமகள் எடுத்துவிட்டாள் என்கிறார். அவரைப் பொய்யர் என்கிறோம். வந்த விருந்தாளியிடம் நம்மை அவமானப்படுத்திவிட்டார் என்று கோபிக்கிறோம். முதுமையில் வரும் மறதி நோய் முதன்முதலாகத் தாக்கும் இடங்களில் மொலைசன் இழந்த அந்தப் பகுதியும் ஒன்று. உண்ட நினைவு அங்கே பதியவே இல்லை என்றால், உண்ணவில்லை என்று அவர் சொல்வது பொய்யாகுமா?

மலேசியாவில் ஒருவரை இழிவாகப் பேச "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. பேராக்கிலுள்ள அவ்வூரின் மனநோய் மருத்துவமனை 1911-இல் தொடங்கப் பெற்றது. பின்னாளில் அதற்குப் பஹாகியா எனப் பெயரிட்டார்கள்; மகிழ்ச்சி என்பது அதன் பொருள். பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் நம் நாக்கு மாறவில்லை. நகைப்புக்கு அஞ்சியே பலர் மருத்துவரிடம் போகாது காலம் கடத்துகிறார்கள்.

அவ்வாறு காலம் கடத்துவதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. இராமநாதபுரம் மாவட்டத்தின் அவ்வூர் நம்மில் பலருக்கு அந்நியமன்று. நம் முன்னோர் பலர் கப்பலேறியது அப்பக்கத்துக் கரைகளிலிருந்துதான். அங்குள்ள தர்காவை நாடி, மனநோயாளிகளைப் பல சமயத்தாரும் அழைத்து வந்தார்கள். அவர்களைத் தங்க வைக்கத் தனியார் விடுதிகள் முளைத்தன. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அரசு அவ்விடுதிகளை மூடியது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியே கொண்டுவரப்பட்டனர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தெளிவாகவே தடை செய்தது.

அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பத்தாரெல்லாம் கல்நெஞ்சர் என்று நாம் கூறவில்லை. இரவெல்லாம் உறங்காமல் காவலிருந்து களைத்தவர்கள் அவர்கள். அருகில் மருத்துவர் இல்லாதவர்கள். துஆவில் நம்பிக்கை வைத்தவர்கள். துஆவைக் குறை சொல்வதும் நம் நோக்கமன்று. மருந்தைக் கைவிட்டால்தான் துஆ பலிக்கும் என்று யார் சொன்னது? பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் தர்காவை நாடி வருவோருக்கு மருந்தும் கிடைக்க அரசே ஏற்பாடு செய்தது. "தவா, துஆ" என்ற அதன் பெயரே போதிய விளக்கம்.

இது மேல்நாட்டாரிடம் நாம் கடன் வாங்க வேண்டிய கருத்துமன்று. கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. ஹலப் நகரில் 1354-இல் எழுந்த மருத்துவமனையில் அவர்கள் மனம் அமைதியுறும்படி நீரூற்று அமைத்தார்கள். ஷரீஅத்தோ, புத்தித் தெளிவு இல்லாதவர்மீது தொழுகையையும் நோன்பையும் கடமையாக்கவில்லை. படைத்தவனே கணக்குக் கேட்காத ஒருவரிடம் நாம் கணக்குக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

இங்கே ஒரு மறுப்பு எழும். "எல்லாம் மூளையின் செயல் என்றால், திருடனும் என் மூளைதான் திருடியது என்பானே! அப்புறம் குற்றமேது, தண்டனையேது?" கேள்வி நியாயமானதே. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. நோய் உண்டு என்பது மட்டும் அங்கே போதாது. தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய இயலாதபடி அந்நோய் அறிவை மறைத்திருக்க வேண்டும். ஆகவே அறியும் ஆற்றல் உள்ள அளவே பொறுப்பு. ஆசையை ஒரு கணம் நிறுத்தி எண்ணிப் பார்க்க வல்லவனுக்குப் பொறுப்பு முழுமையாக உண்டு. அவன் மூளையைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. ஏனெனில் பழக்கத்தால் மூளையும் பண்படுகிறது. கோபத்தை அடக்கிப் பழகியவனுக்கு அடக்குவது எளிதாகிறது.

சட்டமும் மெல்ல மெல்ல இப்பாதையில் நடக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆம் பிரிவை மலேசியா 2023-இல் நீக்கிவிட்டது. துன்பத்தின் உச்சியில் நின்றவருக்கு இனி வழக்கு இல்லை. நம் ஏச்சு மட்டும் இன்னும் நீங்கவில்லை.

சகோதரர்களே! நோயுற்றவர் பொறுப்பிலிருந்து விடுபடும்போது அப்பொறுப்பு காற்றில் கரைந்து போவதில்லை. தெளிந்த புத்தியுள்ள நம்மிடம் வந்து சேருகிறது. மருந்து நாள் தவறாமல் கிடைக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. காவலிருப்பவர் ஓர் இரவேனும் உறங்கும்படி உறவினர் முறை வைத்துக்கொள்வது நம் வேலை. பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு உண்டு; துணைக்கு வர ஆளில்லாத குடும்பத்துடன் அங்கே போய் வரிசையில் உட்காருவதும் நம் வேலையே. ஏர்வாடியின் சங்கிலி இரும்பாலானது. நம் வீட்டின் பூட்டிய அறையும் தெருவின் ஏளனமும் அதைவிட இலேசானவை என்று எண்ணி ஏமாற வேண்டாம். அவற்றின் சாவி நம் கையில்தான் இருக்கிறது.