யாரும் காணாத நோன்பு

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்பது பயணிகளின் உலகம். சாலையின் ஒருபுறம் ரயில் நிலையம்; மறுபுறம் மத்தியப் பேருந்து நிலையம். நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வருவோர் இங்கேதான் இறங்குகின்றனர். அருகிலேயே லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ், செங்கல் நிறக் கோபுரம்போல் நிற்கிறது. அதனுள் சுழன்று ஏறும் சரிவுப் பாதையில் மேசைகள் வரிசையாக அமைந்துள்ளன.

ரமலான் மாதத்தின் நண்பகல் ஒன்றில், இந்தக் கூட்டத்தினிடையே நோன்பிருக்கும் ஒருவரை மனக்கண்ணால் காண்போம். அவருக்கு ஊர் புதிது; தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நாவு வறண்டிருக்கிறது. ஒரு குவளை நீர் அருந்தினால் கேட்பார் யாருமில்லை. ஆயினும் அவர் அருந்துவதில்லை. அவரைத் தடுப்பது எது?

இந்தக் கேள்வியில்தான் ரமலான் நோன்பின் உட்பொருள் அடங்கியுள்ளது. தொழுகையைப் பிறர் காணலாம். தானத்தைப் பெறுபவர் அறிவார். புனிதப் பயணத்தை ஊரே அறியும். நோன்போ ஒன்றைச் செய்யாதிருத்தல். அதற்குப் புறத்தோற்றம் இல்லை. ஆகவேதான் நோன்பை இறைவன் தனக்கே உரியதாகக் கொள்கிறான் என்று நபிமொழி கூறுகிறது. நோன்பின் நோக்கமாகத் திருக்குர்ஆன் சுட்டுவது 'தக்வா', அதாவது இறையுணர்வோடு கூடிய விழிப்பு. யாரும் காணாத இடத்திலும் காணப்படுகிறோம் என்னும் உணர்வே அது.

அதே மேசைக்கு எதிரே மற்றொரு முஸ்லிம் உணவு உண்டுகொண்டிருக்கலாம். அவர் நெறி தவறியவர் என்று கூற முடியுமா? முடியாது. பயணிகளுக்கும் நோயாளிகளுக்கும் திருக்குர்ஆன் விலக்கு அளித்துள்ளது. விட்ட நாட்களை அவர்கள் பின்னர் நோற்கலாம். நோற்பவரும் உண்பவரும் ஒரே கட்டளைக்குள் நிற்கக்கூடும். அடுத்தவரின் நோன்பை அளக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அளக்க வேண்டியது தன்னுடையதை மட்டுமே.

எதைக் கொண்டு அளப்பது? நோன்பைக் குறிக்கும் 'ஸவ்ம்' என்ற அரபுச் சொல்லுக்கு விலகியிருத்தல், அடக்கிக்கொள்ளுதல் என்பது பொருள். திருக்குர்ஆனில் மர்யம் அன்னை மேற்கொண்ட பேசாநோன்பும் இதே சொல்லால்தான் குறிக்கப்படுகிறது. அடங்க வேண்டியது வயிறு மட்டுமன்று, நாவும்கூட. பொய்யை விடாதவன் உணவை விடுவது இறைவனுக்குத் தேவையில்லை என்பதும், எவரேனும் ஏசினால் தான் நோன்பாளி என்று மட்டுமே கூறி ஒதுங்க வேண்டும் என்பதும் நபிகள் நாயகத்தின் அறிவுரைகள்.

பதினோராம் நூற்றாண்டில் பிறந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி நோன்பை மூன்று படிகளாகப் பகுத்தார். உணவையும் உடலின்பத்தையும் விலக்குவது முதற்படி. கண், காது, நாவு, கை, கால் ஆகியவற்றைத் தீமையிலிருந்து காப்பது இரண்டாம் படி. இறைவனையன்றி வேறெதிலும் உள்ளம் செல்லாதிருப்பது மூன்றாம் படி. பகலில் இழந்ததையெல்லாம் இரவில் சேர்த்து உண்பவனின் நோன்பால் என்ன பயன் என்றும் அவர் கேட்டார். புலன்நுகர் பொருள்கள் விலகினாலும் அவற்றின் மீதுள்ள சுவை விலகுவதில்லை என்று கீதை காட்டும் சிக்கலும் இதுவே. உண்ணாமை எளிது; உண்ணும் ஆசையை ஆள்வது அரிது.

இங்கே திருவள்ளுவர் துணைக்கு வருகிறார். உண்ணாமல் நோற்பவர் பெரியவரே. ஆயினும் பிறர் கூறும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்த இடமே அவருக்கு உண்டு என்கிறது பொறையுடைமை அதிகாரம். பசியைத் தாங்கும் ஆற்றல், பிறர் பசியை மாற்றும் ஆற்றலுக்கு அடுத்ததே என்கிறது ஈகை அதிகாரம். நோன்பை வள்ளுவர் தாழ்த்தவில்லை. அது எங்கே சென்று நிறைவு பெற வேண்டும் என்பதைக் காட்டினார். ஒரு வழி பொறுமை. மற்றொரு வழி ஈகை.

இரண்டாவது வழியைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். பசி வேறு, நோன்பு வேறு. நோன்பாளிக்குச் சூரியன் மறையும் நேரம் உறுதி. அந்நேரத்தில் பேரீச்சம்பழமும் நீரும் காத்திருக்கும். வறியவனின் பசிக்கோ அப்படி நேரம் குறிக்கப்படவில்லை. தானே ஏற்ற பசியைத் தாங்கியவன், ஏற்காமலே வந்த பசியைத் தாங்குபவனுக்குக் கடன்பட்டவனாகிறான். அந்தக் கடன் இரக்கத்தால் மட்டும் தீராது.

ஆகவே ரமலான் உணர்ச்சியோடு நிற்காமல் செயலை விதிக்கிறது. தீராத நோயால் நோற்க இயலாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். மாத முடிவில், பெருநாள் தொழுகைக்கு முன்பாகவே, வசதியுள்ளவர் குடும்பத்தின் ஒவ்வொருவருக்காகவும், பச்சிளங் குழந்தைக்காகவும்கூட, தானியம் வழங்க வேண்டும். இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் நான்கு அள்ளு என்பது பழைய அளவு. ஒருவன் வீட்டுப் பெருநாள், மற்றொருவன் வீட்டு அடுப்பு எரிவதற்கு முன் தொடங்கலாகாது என்பதே இதன் கருத்து. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் பெரிய அண்டாக்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியைப் பிற சமயத்தவரும் பாத்திரத்தோடு வந்து பெற்றுச் செல்வதும் இந்த உணர்வின் தொடர்ச்சியே.

தம்பானூருக்கு வடக்கே பாளையத்தில் பள்ளிவாசலும் கணபதி கோயிலும் புனித சூசையப்பர் பேராலயமும் அருகருகே நிற்கின்றன. ஈஸ்டருக்கு முன்பு கிறிஸ்தவர் நோற்பதும், திருவாதிரையில் இந்துப் பெண்கள் நோற்பதும், ரமலானில் முஸ்லிம்கள் நோற்பதும் மலையாளத்தில் 'நோம்பு' என்ற ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. முன்னிருந்தோருக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்று திருக்குர்ஆனும் நினைவூட்டுகிறது.

மாலையில் பாங்கொலி கேட்டதும் நோன்பை 'முடிப்பதாக' தமிழ் முஸ்லிம்கள் சொல்வதில்லை. நோன்பு 'திறப்பதாக'வே கூறுகின்றனர். இச்சொல் சிந்திக்கத்தக்கது. பகல் முழுவதும் தன்னை அடைத்துக் காத்தவன் இப்போது எதைத் திறக்கிறான்? வாயை மட்டும் திறந்தால் அன்றைய பசி தீரும். அருகில் பசித்திருப்பவனுக்காக உள்ளமும் திறக்குமானால், யாரும் காணாத அந்த நோன்பு அப்போதுதான் பயன் தரத் தொடங்குகிறது.