பரீட்சை எழுதாத பதிப்பாசிரியர்

1931 மார்ச் 23. லாகூர் சிறையில் பகத்சிங்கையும் ராஜகுருவையும் சுகதேவையும் தூக்கில் போட்டார்கள். அந்த நேரம் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். பெயர் பெரியசாமி. ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசு என்ற சின்ன ஊர், குடியானவர் வீட்டுப் பிள்ளை. அந்த மூன்று பேரையும் தூக்கிலிட்ட ஆட்சியில் பட்டம் வாங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. இறுதித் தேர்வை எழுதாமலே விட்டுவிட்டார்.

ஒரு பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பிப் பி.ஏ. வரைக்கும் படிக்க வைப்பதற்கு ஒரு குடும்பம் என்ன பாடு பட வேண்டும் என்று நெல்லும் கரும்பும் போட்டுப் பிழைக்கிற மடுகரைக்காரர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் படியில் நின்று அதை வேண்டாம் என்று சொன்னவர்தான் பின்னாளில் நாம் பெரியசாமித் தூரன் என்று அறிந்தவர்.

தூரன் என்றதும் கச்சேரி கேட்கிறவர்களுக்கு அவருடைய முருகன் கீர்த்தனைகள் நினைவுக்கு வரும். பாரதி அன்பர்கள், சுதேசமித்திரன் பழைய இதழ்களைப் புரட்டி அவர் தொகுத்த ‘பாரதி தமிழ்’ நூலைச் சொல்வார்கள். புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு அதற்காகவே அவர்மேல் ஒரு பாசம் உண்டு. இன்று காலை நான் பேச விரும்புவது, அதிகம் பேசப்படாத ஒரு வேலையைப் பற்றி. குழந்தைகளுக்காக அவர் பதிப்பித்த கலைக்களஞ்சியம்.

கல்லூரியை விட்டு வந்தவர் ஆசிரியரானார். அவினாசிலிங்கம் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். விடுதலைப் போரில் சிறை சென்ற அதே அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். அவர் முயற்சியில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. உலக அறிவையெல்லாம் தமிழில் தரும் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்க அது முடிவு செய்தபோது, தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்புக்கு வந்தவர், பரீட்சையைத் துறந்த இந்தத் தூரன்.

முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. அந்த ஆண்டை நம் பகுதி மறக்காது. அக்டோபர் 18ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. இங்கே கொடி மாறிய அந்த ஆண்டில், சென்னையில் ஒரு மனிதர் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டும் விடுதலையின் வேலைகள்தான் என்று நான் நினைக்கிறேன். ஆட்சி ஒரு நாளில் கைமாறிவிடும். அறிவு நம் பிள்ளைகளின் மொழிக்கு வந்து சேர ஆண்டுகள் ஆகும்.

ஆண்டுகள்தான் ஆயின. பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிகளும் முடிய 1968 வரை பிடித்தது. அந்த வருஷம் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தது. அறுபது வயது. இனி ஓய்வு என்று யாரும் சொல்லியிருக்கலாம். அவரோ அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். அதுவும் பத்துத் தொகுதிகள். கடைசித் தொகுதி வந்தது 1976இல்.

இதை எளிய வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நட்சத்திரத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் பேராசிரியர்களுக்கு எழுதிவிடலாம். அதையே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவதுதான் சிரமம். எதை விடலாம், எதை விடவே கூடாது, எந்த இடத்தில் ஒரு படம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். தவறாகவும் எழுதக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. தூரனுக்கு அது கைவந்ததற்கு ஒரு காரணம், அவர் வகுப்பறையில் நின்றவர். சிறுவர்களுக்குக் கதைகளும் பாட்டுகளும் எழுதியவர். பிள்ளைகளைக் குனிந்து பார்க்காமல், சமமாக உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்.

இருபத்திரண்டு வயதில் பரீட்சையைத் துறந்ததை வீரம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பின் இருபது, முப்பது ஆண்டுகள் பிழை திருத்தி, கட்டுரை சுருக்கி, படம் தேர்ந்து உட்கார்ந்திருந்ததையும் அதோடு சேர்த்தே நான் வைப்பேன். சொல்லப்போனால் அதுதான் பெரிது.

ஆனால் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. கீழூரில் வாக்கெடுத்த ஆண்டில் மடுகரையில் பிறந்த பிள்ளைக்கு, குழந்தைகள் கலைக்களஞ்சியம் வரத் தொடங்கியபோது வயது 14. அந்த வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் அது போய்ச் சேர்ந்திருக்கும்? விலை கொடுத்து வாங்க முடியாத வீடுகளே அதிகம். வாங்கிய பள்ளிகளிலும் இப்படிப்பட்ட பெரிய புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டுப் போட்டுத்தான் இருக்கும். பிள்ளை தொட்டால் கிழிந்துவிடுமாம். குழந்தைக்காக அச்சிட்ட புத்தகம் குழந்தை கையில் கிழிந்தால் அது அந்தப் புத்தகத்துக்குப் பெருமை இல்லையா?

தூரன் 1987 ஜனவரியில் மறைந்தார். இன்று அந்தப் பூட்டு இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. ஐம்பது வருஷப் பழைய தகவல்கள். அறிவியல் அதற்குப் பிறகு வெகுதூரம் போய்விட்டது. அது தெரிந்தேதான் சொல்கிறேன், பிள்ளைகளிடம் காட்டுங்கள். இன்று சாயந்திரம் வீட்டில் போன் உங்கள் கைக்கு வரும்போது, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனுக்கோ அவளுக்கோ பிடித்த ஒரு சொல்லைக் கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பழசாகிப்போன தகவல் எது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.