இருக்கிற விரல்

அப்பா பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் கட்டிங் மாஸ்டர். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, "நூத்தெம்பது ஜிஎஸ்எம்" என்பார். எடை போட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன், ஒன்றரை ஷிப்ட்டின் கடைசி மணி நேரத்தில், கட்டிங் மிஷின் கத்தி அந்த ஆள்காட்டி விரலைப் பிளந்துவிட்டது. தைத்தார்கள். விரல் பிழைத்தது. ஆனால் மடங்கவில்லை, எதைத் தொட்டாலும் உணர்வில்லை.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டோம். நிரந்தர ஊனம் எதுவுமில்லை என்று மருத்துவக் குழுவின் கடிதம் வந்தது. டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்த்த கையில் ஐந்து விரலும் இருந்தன.

அப்போது பொருந்திய 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் விரலுக்குக் கணக்கு உண்டு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9, எலும்பு தப்பி நுனி மட்டும் போனால் 5. எல்லாம் போனதை எண்ணுகிற கணக்கு. இருந்தும் உதவாத விரலை ஆள்தான் பார்த்து மதிப்பிட வேண்டும்.

அப்பா கடிதத்தை நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். "உட்டுரு கண்ணு. இல்லீன்னவங்க முன்னால மறுக்கா போய் நின்னா பிச்சை கேக்கறாப்புல இருக்குது."

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். 2019 ஜூன் வரை சம்பளத்தில் 1.75 சதவீதம், பிறகு 0.75 சதவீதம், இ.எஸ்.ஐ.க்காக மாதம் தவறாமல் பிடித்திருந்தார்கள். கத்தி பட்ட நாளுக்காக அவரே கட்டி வைத்த பணம் அது. நாங்கள் கேட்ட உதவித்தொகை, வேலைக்குத் திரும்பினாலும் ஆயுள் முழுக்க வர வேண்டியது. கொடுத்து வைத்ததைக் கேட்பது எப்படிப் பிச்சையாகும்?

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக மூன்று மாதம் அவகாசம் இருந்தது. அதற்காக ஒரு ராத்திரி, முடியாதவற்றை எழுத உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் தயக்கத்தின் வேர் எனக்குப் புரிந்தது. "செஞ்சர்லாங்க" என்ற ஒரு சொல்லை வைத்தே வேலை வாங்கி, எங்களை வளர்த்த மனுஷன். முடியாது என்று சொன்னால் அடுத்த நாள் அந்த டேபிளில் வேறு ஆள் நிற்பார். இப்போது அதே வாயால் முடியாததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறோம். சட்டைப் பட்டன், சாக்பீஸ், சோறு பிசைவது. நான் கேட்கக் கேட்க, "அதொண்ணும் பெருசில்ல" என்றபடியே இருந்தார்.

வலியைக் காட்டாமல் இருப்பதே மானம் என்று நாம் பழகியிருக்கிறோம். அதனால் மறுப்புக் கடிதம் வந்தால், அதிகாரி எழுதியதை நம் மனசும் வழிமொழிந்துவிடுகிறது. நடந்ததை நடந்தது என்று இரண்டாம் முறை சொல்லவும் மானம் வேண்டும். முதல் முறை சொல்வதைவிட அதிகமாகவே வேண்டும்.

விசாரணை நாளில் விரலை நீட்டச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள், ஊசியால் தொட்டார்கள். "வேறென்ன சிரமம்?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் எழுதிய தாள் என் கையில் இருந்தது. அப்பா அதைக் கேட்கவில்லை. தன் வேட்டியின் ஓரத்தை அந்த விரலில் வைத்துத் தேய்த்துக் காட்டினார்.

"துணி என்னன்னு தெரியறதில்லீங்க."

பிறகு சிறிய சதவீதம் ஒன்று கிடைத்தது. மாதம் வருகிற தொகை பெரிதில்லை. விசாரணை நாள் சாயங்காலம் மூளிக்குளக் கரையில் நடக்கும்போது, சொன்னால் நாங்கள் கலங்குவோம் என்று அதுவரை மறைத்ததையெல்லாம் அப்பா தானாகவே சொல்லிக்கொண்டு வந்தார். மண்ணரைப் பகுதி வரும்வரை நான் குறுக்கே பேசவில்லை.